கைப்பிள்ளையும் தையலும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு நாலு வயது, இளையவனுக்குப் பத்து மாதம். இருப்பது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில். தையல் எனக்குத் தொழில் இல்லை, ஆனால் பொழுதுபோக்கு என்று சொல்லவும் மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் பாடத்துக்குத் துண்டுத் துணியில் தையல் மாதிரி செய்து கொடுத்த காலத்திலிருந்து கை சும்மா இருந்ததில்லை. பிள்ளை பார்க்க வருகிற சொந்தக்காரர், கூடப் படித்த பிள்ளைகள், வட்ஸ்அப்பில் கேட்கிற மச்சாள்மார் என்று எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் இருபது நிமிடம் மிச்சம்.

கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு தைக்க உங்களுக்கு எங்கே நேரம் கிடைக்கிறது?

கிடைப்பதில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் ஏதோ விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி விளக்கு வைத்துக்கொண்டு தைக்கிறேன் என்று சிலர் நம்புகிறார்கள். பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணித்தியாலம் வரை நித்திரை கொள்ளும் என்பது உண்மைதான், கேட்கும்போது நிறைய நேரம் போலவும் இருக்கும், ஆனால் அந்த நித்திரை துண்டு துண்டாகத்தான் வரும், அந்தத் துண்டுகளுக்குள் நாங்கள் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், நப்பி தோய்க்க வேண்டும், மூத்ததுக்குத் தலை இழுத்துவிட வேண்டும், கொஞ்சம் கண்ணையும் மூட வேண்டும். மிஞ்சுவது இருபது நிமிடம். சில நாளில் அதுவும் இல்லை.

மூத்தவள் பிறந்தபோது "ஒரு இரண்டு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் கிடைக்கட்டும், அந்தச் சட்டையை முடிக்கிறேன்" என்று காத்திருந்தேன். எட்டு மாதம் காத்திருந்தேன். முடித்தபோது சட்டை அவளுக்குக் கையே நுழையவில்லை. இளையவனோடு காத்திருப்பதை விட்டுவிட்டேன். பிள்ளை சிணுங்கினால் ஊசியைப் பஞ்சணையில் குத்திவிட்டு அந்த நிமிடமே எழும்பக்கூடிய வேலை என்றால் எடுப்பேன், இல்லையென்றால் தொடவே மாட்டேன்.

பிள்ளை பிறந்து எத்தனை நாளில் தைக்கத் தொடங்கலாம்?

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் கழியும் வரைக்கும் எங்கள் வீட்டில் ஊசியைக் கண்ணில் காட்டவில்லை. மருந்துச் சரக்கு அரைத்துக் கொடுத்து, பத்தியக்கறி கொடுத்து, படு படு என்று அம்மா நின்றார். அப்போது எரிச்சலாக இருந்தது, இப்போது யோசித்தால் அந்த ஒரு மாதம் சரிதான்.

ஒப்பரேஷன் செய்து பிள்ளை எடுத்தவர்கள் அவசரப்பட வேண்டாம். மிதிமெஷின் மிதிப்பது பார்க்கச் சின்ன வேலை போலத் தெரிந்தாலும் அடிவயிற்றில் இழுக்கும். மெஷினைத் தூக்கி நகர்த்துவது என்ற பேச்சே வேண்டாம். கிளினிக்கிலோ, வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நான் கேட்டேன், அவ சிரித்துவிட்டு, "முதலில் தெறி (பொத்தான்) தையுங்கோ, மெஷின் எங்கேயும் ஓடாது" என்றா.

இன்னொன்று, மணிக்கட்டு. பிள்ளையை அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கித் தூக்கிப் பெருவிரல் பக்கத்து மணிக்கட்டு நோவது புதிய தாய்மாருக்கு அடிக்கடி வருவது. அந்தக் கையாலேயே ஊசியும் பிடித்தால் நோ கூடும். எனக்கு மூன்றாம் மாதம் வந்தது. குரோஷே ஊசியை ஒரு மாதம் லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன், வேறு வழி இருக்கவில்லை.

இருபது நிமிடத்தில் என்னதான் தைக்க முடியும்?

இதுதான் உண்மையான கேள்வி.

தையல் என்று ஒரு சொல்லில் சொல்கிறோமே தவிர அதற்குள் இரண்டு வகை வேலை இருக்கிறது. ஒன்று, மூளை வேண்டியது: அளவெடுப்பது, பேப்பர் பற்றன் வரைவது, துணி வெட்டுவது. மற்றது, கை மட்டும் போதுமானது: நேர்த்தையல் அடிப்பது, கரை மடிப்பது, தெறி தைப்பது, நூல் நறுக்குவது. முதல் வகையைப் பிள்ளை நித்திரை கொள்ளும் நேரத்தில் செய்யவே கூடாது. பாதி வெட்டும்போது எழும்பி அழுதால் கத்தரிக்கோல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது, நான் ஒருமுறை முன்பக்கம் இரண்டையும் இடது பக்கமாகவே வெட்டி வைத்தேன், வாயில் என்கிற நல்ல மெல்லிய துணி. வெட்டும் வேலையை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முடக்கு வரை போகும் நேரத்தில் செய்வேன். ஒரே இருப்பில் மூன்று நாலு உடுப்பு வெட்டிவிடுவேன்.

வெட்டியதும் ஒவ்வொரு உடுப்பையும் தனித்தனியாகச் சுற்றி, அதற்குரிய நூல், நாடா, தெறி எல்லாவற்றையும் அதோடேயே வைத்து ஒரு பையில் போடுகிறேன். பொபினில் நூல் சுற்றி வைப்பதும் அப்போதே. நூல் தேடுவதில்தான் எங்கள் இருபது நிமிடமும் போகிறது, தைப்பதில் அல்ல. இதை நான் கண்டுபிடிக்க ஒரு பிள்ளை வளர வேண்டியிருந்தது.

அப்புறம் ஒரு துண்டுக் கடதாசி. எழும்பும்போது அடுத்தது என்ன என்று ஒரு வரி எழுதி ஊக்கால் துணியில் குத்திவிடுவேன். "இடது தோள் மூட்டு, பிறகு கழுத்துப் பட்டி." அவ்வளவுதான். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தால் நித்திரை முகத்தோடு இது எந்தப் பக்கம் என்று துணியைப் பிரட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

இந்தக் கணக்கில் கைக்குழந்தைச் சட்டை ஒன்று எனக்கு நாலு இருப்பு, அதாவது நாலு இருபது நிமிடம்: தோளும் பக்கமும் மூட்ட ஒன்று, கழுத்துக்குப் பட்டி வைக்க ஒன்று, கைக்கு ஒன்று, கரை மடித்து நாடா தைக்க ஒன்று. நாலு இருப்பும் ஒரே நாளில் வரலாம், இரண்டு கிழமையும் எடுக்கலாம்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளப் பனையோலை மூடற்பெட்டி நல்லது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் மாரி காலத்தில் ஊசி வியர்த்துத் துருப்பிடிக்கிறது. ஓலைப்பெட்டி காற்று வாங்கும், விறாந்தைக்கும் குசினிக்கும் தூக்கிக்கொண்டு போகலாம்.

மெஷின் சத்தத்துக்குப் பிள்ளை எழும்பாதா?

மூத்தவள் எழும்பினாள், ஏனென்றால் அவளுக்காக நாங்கள் வீட்டையே கோயில் கருவறை மாதிரி வைத்திருந்தோம். இளையவன் வயிற்றுக்குள் இருந்தபோதே மெஷின் கேட்டவன், ஏணையில் (சீலைத் தொட்டிலில்) கிடந்து அந்தக் கடகடப்பிலேயே நித்திரையாகிறான்; நிறுத்தினால்தான் எழும்புகிறான். மெஷின் காலுக்குக் கீழே பழைய சைக்கிள் டயர்த் துண்டு வைத்தால் நிலம் அதிர்வது குறையும்.

மிதிமெஷின் நல்லதா, கரண்ட் மெஷின் நல்லதா?

வேகம் வேண்டுமென்றால் கரண்ட் மெஷின். எனக்கு மிதிமெஷின்தான், அம்மாவினுடைய சிங்கர். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல் என்பதால் யாழ்ப்பாணத்தில் எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் ஒரு மூலையில் ஒன்று இருக்கும், மேலே ரி.வி வைத்திருப்பார்கள். 1990களில் குடாநாட்டில் கரண்ட் இல்லாமல் பொருளாதாரத் தடையும் இருந்த காலத்தில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அம்மா இந்த மெஷினில்தான் எங்களுக்குத் தைத்தார், அதுவும் புதுத்துணி இல்லை, தன்னுடைய சீலையை வெட்டி. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றபோது மூத்தவளுக்கு நான் தைத்ததும் இதில்தான்.

கைப்பிள்ளை உள்ள வீட்டுக்கு மிதிமெஷினில் இன்னொரு வசதி, காலை எடுத்தால் நின்றுவிடும், மெதுவாக ஒரு தையல் இரண்டு தையல் என்றும் ஓட்டலாம். வசதியீனம், அந்தப் பெரிய சில்லு. தவழுகிற பிள்ளைக்கு அதைவிட அழகான சாமான் வீட்டில் இல்லை. அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

பிள்ளை தவழத் தொடங்கிவிட்டது, இனித் தைக்கலாமா?

தைக்கலாம், ஆனால் பழைய மாதிரி இல்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இளையவனுக்கு எட்டு மாதம். தடுக்கில் விட்டிருந்தேன். நான் எண்ணி வைத்த குண்டூசியில் ஒன்று குறைந்தது. பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்து, உடுப்பை உதறி, பாயை உதறி, அழுகை வந்துவிட்டது, கடைசியில் ஊசி தடுக்கின் ஓலைப் பின்னலுக்குள் குத்திக்கொண்டு நின்றது. அவன் கை வைக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. அன்றைக்குப் பிறகு பிள்ளை நிலத்தில் இருக்கும் அறையில் குண்டூசி எடுப்பதில்லை. துணி சேர்த்துப் பிடிக்கத் துணிக்கிளிப் போடுகிறேன், கிளிப் சரிவராத இடத்தில் பெரிய நூலோட்டம் விட்டுப் பிறகு உருவுகிறேன். கைத்தையல் ஊசி ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்தான் வெளியே. காந்தத் துண்டு ஒன்றை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், எழும்பும்போது நிலத்தில் இழுத்துவிட்டுத்தான் எழும்புவேன்.

மிதிமெஷின் என்றால் தைத்து முடித்ததும் வாரைச் சில்லிலிருந்து கழற்றிவிடுங்கள். வார் இல்லையென்றால் பிள்ளை கீழே சுற்றினாலும் மேலே ஊசி அசையாது. ஆனாலும் சில்லுக் கம்பிக்குள் விரல் அகப்படும், ஆகவே பழைய சீலை ஒன்றால் கீழ்ப்பக்கத்தைச் சுற்றிக் கட்டி விடுகிறேன். கரண்ட் மெஷின் என்றால் பிளக்கைக் கழற்ற வேண்டும், சுவிட்சை மட்டும் நிற்பாட்டினால் போதாது.

தெறியும் கொக்கியும் மூடியுள்ள போத்தலுக்குள், போத்தல் அலுமாரிக்கு மேல். கூரான எதையாவது பிள்ளை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே நேரே ஆஸ்பத்திரி. வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், "வாழைப்பழம் கொடு, இறங்கிவிடும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், அதையும் கேட்க வேண்டாம். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற நம்பருக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

பிள்ளைக்கு எதைத் தைத்தால் உண்மையில் பயன்படும்?

எல்லாரும் முதலில் தைப்பது பிறந்த பிள்ளை அளவுக்கு ஒரு வடிவான சட்டை. ஒரு கிழமை போடும். பிறக்கும்போது ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர் நீளம் இருந்த பிள்ளை ஒரு வயதில் 75 ஆகிறது, நிறை ஐந்து மாதமளவில் இரண்டு மடங்கு, ஒரு வருடத்தில் மூன்று மடங்கு. எங்கள் வேகத்தில் தைக்கிறவர்கள் எப்போதும் பிள்ளை இருக்கிற அளவுக்கு இல்லாமல் மூன்று மாதம் தள்ளிப் போகப்போகிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும்.

கழுத்தில்தான் புதிதாகத் தைக்கிறவர்கள் பிழை விடுவது. பிள்ளையின் தலை உடம்புக்கு மிஞ்சிப் பெரியது. பிறக்கும்போது சுற்றளவு 35 சென்ரிமீற்றர் அளவில், ஒரு வயதில் 46 அளவில். கழுத்துக்குப் பார்வையாகப் பத்து அங்குலச் சுற்றளவில் வட்டம் வெட்டினால் சட்டை நெற்றியில் நிற்கும், பிள்ளை கத்தும். முன்பக்கம் முழுக்கத் திறந்து நாடா கட்டும்படி தையுங்கள், அல்லது தோளில் திறப்பு விடுங்கள். நாடா குட்டையாக இருக்கட்டும். கழுத்தைச் சுற்றி நீளக் கயிறு எதுவும் வேண்டாம்.

துணி பருத்திதான். எங்கள் சித்திரை வைகாசி வெயிலுக்கு நைலோன் லேஸ் வைத்த சட்டை போட்டால் கழுத்தெல்லாம் வேர்க்குரு போடும். புதுத்துணியை வெட்டுமுன் ஒருமுறை தோய்த்துக் காயவையுங்கள், பசையும் போகும், சுருங்குவதும் வெட்டுமுன்னே சுருங்கிவிடும். வாயில் போன்ற மெல்லிய துணிக்கு 9 அல்லது 11ஆம் நம்பர் ஊசி, பொப்பிளினுக்கு 14. மெல்லிய துணியில் 14 ஓட்டினால் ஓட்டை தெரியும்.

இதையெல்லாம்விட எனக்கு அதிகம் உதவியது அப்பாவின் பழைய வேட்டி. தோய்த்துத் தோய்த்து பூவாகியிருக்கும். நப்பி, துவட்டும் துணி, வாயிலிருந்து வடிவதைப் பிடிக்கக் கழுத்தில் கட்டுகிற வீணீர்த்துணி எல்லாம் அதில். வீணீர்த்துணிதான் தொடங்குகிறவர்களுக்குச் சரியான வேலை: இரண்டு பட்டாகப் பிடித்து ஒரு சுற்றுத் தையல், புரட்டி மேலே இன்னொன்று, முடிந்தது. பல்லு வருகிற மாதங்களில் ஒரு நாளைக்கு ஆறு ஏழு நனையும், ஆகவே முதல் பல்லுக்குக் கொழுக்கட்டை அவிக்கிற பல்லுக்கொழுக்கட்டை நாள் வரைக்கும் நீங்கள் எத்தனை தைத்தாலும் வீணாகாது.

தைக்க வேண்டாம் என்று நான் சொல்வது பஞ்சுத் தலையணையும் தடித்த போர்வையும். ஒரு வயதுக்குள் பிள்ளை நித்திரை கொள்ளும் இடத்தில் மெத்தென்ற சாமான் எதுவும் கிடக்கக்கூடாது, மூச்சு முட்டும். வடிவாக இருக்கிறது என்று தைத்துவிட்டால் எடுத்து வைக்க மனம் வராது, ஆகவே தைக்காமல் விடுவதே நல்லது.

கைப்பூவேலை, குரோஷே, ஸ்மொக்கிங் எல்லாம் இந்த நேரத்தில் சரிவருமா?

குரோஷே மிகவும் சரி. எழும்ப வேண்டியபோது வளையத்தைப் பெரிதாக இழுத்துவிட்டு எழும்பலாம், அவிழாது, கூர் இல்லை, பால் கொடுத்துப் பிள்ளை மடியில் நித்திரையானபின் ஒரு பக்கத்தால் நாலு கண் போடலாம். கைப்பூவேலை பிள்ளையின் உடுப்பில் செய்தால் பின்பக்க முடிச்சுகள் தோலில் உரசும், உள்ளே ஒரு மெல்லிய துணி வைத்துத் தைத்து மறையுங்கள். ஸ்மொக்கிங் சட்டை எனக்கு உயிர், ஆனால் நெஞ்சு அகலத்தைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு துணியைச் சுருக்கி, புள்ளி புள்ளியாகப் பிடித்துத் தைக்க வேண்டும். எண்ணிக்கை பிழைத்தால் வரி முழுக்கப் பிரிக்க வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு வருடம் பொறுத்திருக்கிறேன்.

கடையில் வாங்கினால் இதைவிட மலிவுதானே?

மலிவுதான். நவீன சந்தைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினால் நான் துணிக்கும் நூலுக்கும் கொடுக்கிற காசில் இரண்டு சட்டை வாங்கலாம். நான் காசு மிச்சம் பிடிக்கத் தைக்கவில்லை. நாள் முழுக்க நான் செய்கிற வேலைகளில் திரும்ப அழுக்காகாத, திரும்பப் பசிக்காத ஒரே வேலை அதுதான்.

"இந்த நேரத்தில் உனக்குத் தையலா?" என்று மாமி கேட்கிறார். என்ன சொல்வது?

என் மாமியும் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவருடைய வீட்டுச்சட்டையில் கிழிந்திருந்த கக்கத்தைத் தைத்துக் கொடுத்தேன். இப்போது நான் மெஷினில் இருந்தால் ஏணையை அவர் ஆட்டுகிறார். பின்னேரங்களில் தன் பழைய சீலைகளையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைக்கிறார், அது வேறு பிரச்சினை.

ஆனால் ஒன்று, பிள்ளை நித்திரை கொள்ளும்போது நீங்களும் படுங்கள் என்று பெரியவர்கள் சொல்வதைக் குற்றமாக எடுக்க வேண்டாம். இரண்டு இரவு நித்திரை இல்லாத நாளில் தைத்த எதையும் நான் பிரிக்காமல் விட்டதில்லை.

வெளியாருக்கு ஓடர் எடுத்துத் தைக்கலாமா?

முதல் வருடம் யோசித்து எடுங்கள். சாரிச்சட்டை, அதுவும் கலியாண வீட்டுக்கு என்றால் எடுக்கவே வேண்டாம். நாள் குறித்த வேலை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முகூர்த்தம் தள்ளிப்போகாது. நல்லூர்த் திருவிழா, தீபாவளி, பொங்கல், பள்ளிக்கூடம் தொடங்கும் சீருடைக் காலம் எல்லாம் தையல்காரருக்கு உழைப்புக் காலம், கைப்பிள்ளைக்காரிக்குப் பொறி. கதவுச்சீலை, தலையணை உறை, கரை மடிப்பு, சீலைக்கு ஓரம் அடிப்பது போன்ற நேர்த்தையல் வேலை எடுக்கலாம். உங்களுக்கு ஒரு கிழமை போதும் என்று தோன்றினால் மூன்று கிழமை கேளுங்கள், சொந்தக்காரரிடம் நாலு. "சும்மா ஒரு தையல்தானே பிள்ளை" என்று கூலி தராமல் போகிறவர்களும் அதிகம் சொந்தக்காரர்தான், முதலே விலை சொல்லிவிடுங்கள்.

இரவில் தைக்கலாமா?

வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், ஒரு மின்குமிழ் பக்கத்தில் என்றால் சரி. கறுப்புத் துணி வேண்டாம்.

விறாந்தையில் இருந்து தைத்தால் பிள்ளையையும் பார்க்கலாம்தானே?

வெளிச்சத்துக்கு விறாந்தையைப்போல் இடம் இல்லை. சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் மட்டும் பேப்பர் பற்றனை அங்கே விரிக்காதீர்கள், என்னுடையது ஒன்று வேலி தாண்டிப் போனது. பழைய பத்திரிகையில் பற்றன் வெட்டுகிறவர்கள் வெள்ளைத் துணிக்கு மட்டும் பிறவுண் பேப்பர் எடுங்கள், அச்சு மை துணியில் பிடித்துவிடும்.

பாதியில் நிற்கிற வேலைகளை என்ன செய்வது? என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.

என்னிடம் இரண்டு. போன மாதம் ஒன்றைக் கிளறியபோது மூத்தவளுக்கென்று எட்டு மாதம் இழுத்து முடித்த அந்தச் சட்டை கிடைத்தது. இளையவனுக்குப் போட்டுப் பார்த்தேன், அவனுக்கும் கை நுழையவில்லை. கையை வெட்டிவிட்டுச் சாய்வாக வெட்டிய பட்டி வைத்துக் கையில்லாச் சட்டையாக்கினேன், இரண்டு இருப்பு. இப்போது போட்டுக்கொண்டு தவழ்கிறான். மற்றப் பெட்டியை இன்னும் திறக்கவில்லை.